எழுத்துக் குவியலில் சொல் தேடியோர்

சென்ற ஆண்டு விழாவையொட்டி நம் சங்கச் சிறுவர் சிறுமியர்க்கு நடத்திய போட்டிகளுள் ஆங்கிலச் சொல்லாக்கப் போட்டியும் ஒன்று. தமிழ்ச் சங்கத்தில் ஆங்கிலப் போட்டியா என்று மூத்த உறுப்பினர் ஒருவர் முகஞ்சுளித்தார். அவர் சுளிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் போட்டி நடந்தது. கரும்பலகையில் ஆர், டி, ஏ, எஸ், ஐ, ஈ, என் என்னும் ஏழு எழுத்துக்களை எழுதி, ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டுமே கொண்டு, ஏழும் அமையும் சொற்களைப் பத்து நிமிடத்தில் எழுதுமாறு கூறினோம். பலர் ஒரு சொல் எழுதினர். சிலர் இரண்டு எழுதினர். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் நான்கு எழுதினாள். வைத்துக்கொள்ளுதலைக் குறிக்கும் ரிட்டெயின்ஸ், விழித்திரைகளைக் குறிக்கும் ரெட்டினாஸ், மேலும் கெட்டதைக் குறிக்கும் நாஸ்டியர், கறைபடுத்துவோனைக் குறிக்கும் ஸ்டெயினர் என்பன அவை. எவ்வாறு கண்டாய் என்று வினவியபோது, "முதலில் எழுத்துக்களை அகரவரிசையில் வைத்துக்கொண்டேன், மாமா, அண்ணன் அப்படித்தான் செய்வான்" என்றாள்.

அவ்விடை எம்மைச் சிந்திக்கச் செய்தது. ஏழு எழுத்துக்களை 5,040 வகையாக மாற்றி அடுக்கலாம். அவற்றுள் ஆங்கிலம் சொல் என்று ஏற்பவை ஒரு கைவிரல்களைச் சற்றே தாண்டும். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டி என்று அடுக்கிய வரிசையோ அவற்றுள் எதுவும் அன்று. வாயில் நுழையாத வெற்றொலி. சொல்லைக் காட்டுவதற்கு மாறாக, இருக்கும் சொல்லையும் மறைத்துவிடும் வரிசை அது. பின் அஃது எவ்வாறு தேடுவோர்க்குத் துணையாயிற்று? இவ்வினாவின் பின்னே மூன்றரை நூற்றாண்டுக் கதை உள்ளது.

அறிவியல் செய்திகளை வெளியிடும் இதழ்கள் ஐரோப்பாவில் 1665-இல்தான் தோன்றின. அதற்கு முன் புதிதாக ஒன்றைக் கண்டவர்க்கு ஓர் இக்கட்டு இருந்தது. உடனே வெளியிட்டால், கண்டது பிழையாயின் நகைப்புக்கு இடமாகும். வெளியிடாது காத்தால், பிறன் ஒருவன் முந்திக்கொள்வான். இவ்விரண்டுக்கும் நடுவே அவர்கள் கண்ட வழி எழுத்துப் புதிர். செய்தியை ஒரு வாக்கியமாக்கி, அதன் எழுத்துக்களைக் கலைத்து நண்பர்களுக்கு அனுப்பிவிடுவர். பிற்காலத்தில் உரிமைக்கு வழக்கு எழுந்தால், வாக்கியத்தைக் காட்டி எழுத்துக்களை எண்ணிப் பார்க்கச் சொல்லலாம்.

1610-ஆம் ஆண்டில் கலீலியோ தம் தொலைநோக்கியால் சனிக் கோளை நோக்கி, அது மூன்று உடல்கள் சேர்ந்ததுபோல் தோன்றக் கண்டார். அச்செய்தியை இலத்தீனில் 37 எழுத்துக்களில் அமைத்து, கலைத்து அனுப்பினார். பிராக் நகரில் பேரரசர் இரண்டாம் ருடால்பின் அவையில் இருந்த கெப்ளர் அதை விடுவிக்க முனைந்தார். எழுத்துக்களைப் புரட்டிப் புரட்டி அவர் பெற்ற வாக்கியம், செவ்வாய்க்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்னும் பொருள் தந்தது. கலீலியோ சொல்லியதோ சனியைப் பற்றி. விடை முற்றும் தவறு. ஆயினும் 1877-இல் வாஷிங்டனில் ஆசாப் ஹால் என்னும் வானியலார் செவ்வாயை நோக்கியபோது, அதற்கு மெய்யாகவே இரண்டு துணைக்கோள்கள் இருக்கக் கண்டார்! தவறான வழியில் சென்று சரியான ஊரை அடைந்த கதை இது. குவியல் பெரிதாயின் அதனுள் ஒரு வாக்கியம் மட்டும் இராது. தேடுவோன் விரும்புவதும் கிடைத்துவிடும் என்பதை கெப்ளர் தம்மையறியாமலே மெய்ப்பித்தார்.

கலீலியோவின் குவியல் தாறுமாறானது. மனிதன் கையால் கலைத்த குவியலில் மூலத்தின் சாயல் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனினும் நுட்பமான முறையை மேற்கொண்டவர் ஆலந்து நாட்டு ஹைகென்ஸ். சனியைச் சுற்றி இருப்பது எங்கும் அதனைத் தொடாத மெல்லிய தட்டையான வளையம் என்று உணர்ந்த அவர், 1656-இல் அச்செய்தியின் 62 எழுத்துக்களையும் அகரவரிசையிலேயே அடுக்கி வெளியிட்டார். ஏ ஏழு, சி ஐந்து, ஈ ஐந்து, ஐ ஏழு, என் ஒன்பது என்று செல்கிறது அவ்வரிசை. கடைக்காரன் கணக்கேட்டைப் போன்ற அதில் சொல்லின் நிழல் கூட இல்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் 1659-இல் அதன் பொருளை அவரே விளக்கினார்.

இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக்கும் அவ்வழியே சென்றார். சுருள்வில்லைப் பற்றிய தம் விதியை 1676-இல் ஒரு நூலின் இறுதியில் பதினான்கே எழுத்துக்களாக அச்சிட்டார்: சி ஒன்று, ஈ ஒன்று, ஐ மூன்று, என் ஒன்று, ஓ ஒன்று, எஸ் மூன்று, டி இரண்டு, யூ இரண்டு. 1678-இல் அதை விடுவித்தும் காட்டினார். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவே என்பது அந்த இலத்தீன் வாக்கியத்தின் பொருள். இன்று பள்ளி மாணவர் அனைவரும் கற்கும் ஹூக் விதி அதுவே. அவ்வாக்கியத்தில் உண்மையில் யூ ஒன்றும் வீ ஒன்றுமே உள்ளன. அக்கால இலத்தீன் அச்சில் இரண்டும் ஓரெழுத்தாகவே கருதப்பட்டமையால் யூ இரண்டாயிற்று.

நம் புலவர்களும் எழுத்தை மறைத்து விளையாடியவர்களே. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் கரந்துறைச் செய்யுள் ஒன்று. ஒரு செய்யுளின் எழுத்துக்களுக்குள் மற்றொரு செய்யுள் ஒளிந்திருக்கும். ஆனால் அங்கே மறைக்கின்ற செய்யுளும் பொருளுடன் நடக்கவேண்டும். ஹூக்கின் பதினான்கு எழுத்துக்களுக்கு அக்கவலை இல்லை. அருமை நம் புலவர் செயலில். பயன் அவர் செயலில் என்போமா?

இவையெல்லாம் இலத்தீன். ஆங்கிலச் சொல்லைத் தேடுவோர்க்கு வேறோர் இடர் இருந்தது. அகராதி சொல்லின் முதலெழுத்தை அறிந்தவனுக்கே வழிகாட்டும். ஈற்றெழுத்தையோ இடையெழுத்தையோ மட்டும் அறிந்தவன் அதன் வாயிலில் நிற்கவேண்டியதுதான். இக்குறையின் ஒரு பகுதியைப் போக்கியவர் ஜான் வாக்கர். அவர் 1775-இல் வெளியிட்ட அகராதியில் சொற்கள் ஈற்றெழுத்திலிருந்து பின்னோக்கி அடுக்கப்பட்டிருந்தன. எதுகை தேடும் கவிஞர்க்கு அது கைவிளக்காயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி நிலையத்தார் தம் சொற்களையெல்லாம் தலைகீழாகத் தட்டச்சிட்டு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளாக அடுக்கி வைத்திருந்தனர். ஒரே ஈறு கொண்ட சொற்களை ஒருங்கே காண அவர்களுக்கு வேறு வழியில்லை. அவ்வட்டைகளைத் தட்டச்சிட்ட விரல்களை எண்ணினால் மலைப்பே உண்டாகிறது.

ஆங்கிலத்தில் எந்த எழுத்து மிகுதியாக வரும், எது அருகி வரும் என்னும் கேள்வியும் இத்தேடலோடு பிறந்ததே. இதற்கு முதலில் விடை கண்டவர்கள் இலக்கண ஆசிரியர்கள் அல்லர், அச்சுக்கோப்போர். தந்திக் குறியீட்டை அமைத்த மோர்ஸும் அவர் துணைவர் ஆல்பிரெட் வெயிலும் நூல்களைப் புரட்டி எண்ணவில்லை. அச்சகத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை ஈயத் துண்டுகள் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தனர். ஈ 12,000 இருந்தது. டி 9,000 இருந்தது. இசட் 200 மட்டுமே. அச்சுக்கூடத்தின் நெடுநாள் அனுபவம் முழுவதும் அப்பெட்டிகளில் உறைந்து கிடந்தது. ஆகவேதான் தந்தியில் ஈ ஒற்றைப் புள்ளியாகவும், டி ஒற்றைக் கோடாகவும் அமைந்தன. தந்தி அலுவலகத்தில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற அன்பர்கள் நம் சங்கத்தில் உண்டு. அவர்கள் விரலறிந்த உண்மை இது.

எட்கர் ஆலன் போ 1843-இல் எழுதிய 'தங்க வண்டு' என்னும் கதையில், கடற்கொள்ளையன் புதையலுக்கு வழிகாட்டும் மறைமொழி ஒன்று இம்முறையால் விடுவிக்கப்படுகிறது. மிகுதியாக வரும் குறியை ஈ என்று கொண்டு தொடங்குகிறான் கதைத்தலைவன். ஆயினும் போ தரும் வரிசையில் இரண்டாம் இடத்தில் நிற்கவேண்டிய டி பத்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அச்சுக்கோப்பவன் ஒருவனைக் கேட்டிருந்தால் திருத்தியிருப்பான்! 1886-இல் நியூயார்க் நாளேடு ஒன்றில் பணிக்கு வந்த லைனோடைப் பொறியின் விசைப்பலகையும் இவ்வெண்ணிக்கையை ஒட்டியே அமைந்தது. ஈ, டி, ஏ, ஓ, ஐ, என் என்பன அதன் முதல் நிரல். தட்டியதில் பிழை நேர்ந்தால், அப்பொறியினர் அவ்வரியை நிரப்பித் தள்ளிவிடுவதற்காக நிரல்களின்மேல் விரலை ஓட்டிவிடுவர். அவ்வெற்றெழுத்துக்கள் தப்பித் தவறி மறுநாள் செய்தித்தாளில் வந்துவிடுவதும் உண்டு.

இனி, இக்கதையில் எம் நெஞ்சுக்கு நெருங்கிய மனிதர் ஒருவரைக் காண்போம். ஆல்பிரெட் பட்ஸ் 1899-இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர், கட்டடக் கலைஞர். அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தில் கட்டடங்கள் எழும்புவது நின்றது. 1931-இல் அவர் வேலையும் போயிற்று. வீட்டில் அமர்ந்த அவர் ஒரு விளையாட்டை உருவாக்கிப் பிழைக்கலாமா என்று எண்ணினார். போவின் கதையை அவர் படித்திருந்தார் என்பர். நாளேட்டின் முதற்பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையாலேயே எண்ணினார். ஒரு நாளேடன்று, பலவற்றை. ஒரு நாளன்று, பல நாள். வேலையிழந்தவனுக்கு இருக்கும் ஒரே செல்வம் நேரம். அதனை அவர் எழுத்தெண்ணுவதில் செலவிட்டார். எழுத்துக் கூட்டுவதில் தாம் வல்லவர் அல்லர் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவ்வெண்ணிக்கையிலிருந்து பிறந்தவை நூறு வில்லைகள். அவற்றுள் இரண்டு வெற்று வில்லைகள். ஈ பன்னிரண்டு, ஏ ஒன்பது, ஐ ஒன்பது, ஓ எட்டு. என், ஆர், டி ஒவ்வொன்றும் ஆறு. கியூவும் இசட்டும் ஒவ்வொன்று. எஸ் மட்டும் நான்கோடு நின்றது. செய்தித்தாளில் எஸ் அவ்வளவு அரிதன்று. ஆனால் எச்சொல்லின் இறுதியிலும் அதை ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம் அன்றோ? அவ்வெளிய வழியை அடைக்கவே அவர் அதனை வேண்டுமென்றே குறைத்தார். எண்ணிக்கையைப் பணிந்து பின்பற்றுவதோடு நில்லாமல், எங்கே அதனை மீறவேண்டும் என்பதையும் அறிந்திருந்தார். இதுவே அவர் திறமை என்போம். 1913 டிசம்பர் 21-இல் ஆர்தர் வின் என்பார் நியூயார்க் நாளேடு ஒன்றில் தொடங்கிவைத்த குறுக்கெழுத்துப் புதிரின் கட்டங்களை 1938-இல் தம் வில்லைகளோடு இணைத்தார். விளையாட்டு முழுமை பெற்றது.

வாங்குவார்தாம் இல்லை. பெரிய விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் மறுத்துவிட்டன. பட்ஸ் தம் கையாலேயே செய்து நண்பர்களுக்கு விற்றார். 1948-இல் ஜேம்ஸ் புரூனோ என்னும் நண்பர், விற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் சிறு பங்கு தருவதாகக் கூறி உரிமையைப் பெற்று, ஸ்கிராபிள் என்று பெயரிட்டார். கைவிடப்பட்ட பள்ளிக் கட்டடம் ஒன்றில் தொழில் தொடங்கினார். 1949-இல் 2,400 பெட்டிகள் செய்து 450 டாலர் இழந்தார். பின் 1952-இல் காற்று திசை மாறியது. நியூயார்க்கின் பெரிய அங்காடி ஒன்று மிகுதியாக வாங்கத் தொடங்கியதும், இரண்டே ஆண்டுகளில் பெட்டிகள் இலட்சக்கணக்கில் விற்றன. பட்ஸ் மீண்டும் கட்டடக் கலைக்கே திரும்பிவிட்டிருந்தார். பங்குத் தொகை வந்துகொண்டிருந்தது, பெருஞ்செல்வராகவில்லை. 1993-இல் தம் 93-ஆம் வயதில் மறைந்தார். அவர் எண்ணி வைத்த எண்ணிக்கை இன்றளவும் ஆங்கில ஆட்டத்தில் மாறவில்லை.

கணிப்பொறி வந்தபின் தேடல் வேறு வடிவம் கொண்டது. கொடுத்த எழுத்துக்களை எல்லா வகையாகவும் மாற்றி மாற்றி அகராதியில் ஒப்பிட்டுப் பார்ப்பது கணிப்பொறிக்கும் வீண்பாடே. பத்து எழுத்தாயின் 36 இலட்சத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் ஆகும். இதற்கு ஓர் எளிய வழியை ஜான் பென்ட்லி 1983-இல் அமெரிக்கக் கணிப்பொறி இதழ் ஒன்றில் தாம் எழுதிவந்த பகுதியில் விளக்கினார்; தாமே கண்டதென்று அவர் உரிமை கொண்டாடவில்லை. வழி இதுதான். அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துக்களையும் அகரவரிசையில் அடுக்கி, அவ்வடுக்கை அச்சொல்லின் கையொப்பமாகக் கொள்க. நில் என்னும் பொருளுடைய ஸ்டாப் என்ற சொல் எஸ், டி, ஓ, பி என்னும் நான்கெழுத்துக்களால் ஆனது. அதன் கையொப்பம் ஓ, பி, எஸ், டி. அஞ்சலைக் குறிக்கும் போஸ்ட், இடத்தைக் குறிக்கும் ஸ்பாட், பானைகளாகிய பாட்ஸ், உச்சிகளாகிய டாப்ஸ், தேர்தலைக் குறிக்கும் ஆப்ட்ஸ் ஆகியவற்றுக்கும் அதுவே கையொப்பம். பின்னர்க் கையொப்பங்களை வரிசைப்படுத்தினால், ஒரே குவியலிற் பிறந்த சொற்கள் உடன்பிறந்தார்போல் அருகருகே வந்து நின்றுவிடும். தேடுவோன் தன் எழுத்துக்களை ஒருமுறை அடுக்கிவிட்டால் போதும்.

ஹைகென்ஸும் ஹூக்கும் தம் செய்தியைப் பிறர் காணாவண்ணம் புதைக்கக் கையாண்ட அதே வரிசை இது! ஒழுங்கு என்பது சொல்லின் ஒலியை அழிக்கிறது. ஆதலால் மறைக்க உதவியது. அது குழப்பத்தையும் உடன் அழிக்கிறது. ஆதலால் தேட உதவுகிறது. பூட்டு அதுவே, திறவுகோலும் அதுவே. ஹூக்கின் காலத்தவரிடம் இல்லாதது முறையன்று. எல்லாச் சொற்களின் கையொப்பங்களையும் முன்னரே எழுதிவைத்த ஏடு ஒன்றே. சிறு சொற்களைத் தேடுவதற்கும் வழியுண்டு. ஏழு எழுத்துக்களிலிருந்து பொறுக்கக்கூடிய குழுக்கள் 127-க்கு மேல் இல்லை. ஒவ்வொன்றையும் அடுக்கி ஏட்டில் பார்த்தால் முடிந்தது. கண்ணிமைக்கும் முன் கைபேசி விடை தருவதன் மருமம் இவ்வளவே. கணக்கில் விருப்பமுள்ளோர்க்கு இன்னொரு தந்திரமும் கூறுவோம். எழுத்துக்களுக்கு 2, 3, 5, 7 எனப் பகா எண்களைக் கொடுத்து, சொல்லின் எழுத்துக்களைப் பெருக்கி வைத்தால், குவியலின் பெருக்கத்தை மீதியின்றி வகுக்கும் சொல் எதுவோ அது குவியலுக்குள் இருக்கிறது.

போட்டி ஆட்டக்காரர்களும் அகரவரிசையில் அடுக்கிய எழுத்துக் கோவைகளை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்கின்றனர். கரும்பலகையில் நாம் எழுதிய ஏழெழுத்துக் கோவை அவர்களுக்குப் பாலபாடம் போன்றது. இப்பயிற்சியில் ஆங்கிலம் தாய்மொழியாக உடையோர்க்குத் தனிச்சலுகை இல்லை. ஆங்கில ஆட்டத்தின் உலகப் பட்டத்தைத் தாய்லாந்தின் பானுபோல் சுஜ்ஜயாகோர்ன் 2003-இலும், அந்நாட்டின் பகோர்ன் நெமித்ரமன்சுக் 2009-இலும், நைஜீரியாவின் வெலிங்டன் ஜிகேரே 2015-இலும் வென்றனர். இவர்கள் எல்லோரினும் வியப்பளிப்பவர் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ். ஆங்கிலத்தில் பலமுறை உலகப் பட்டம் பெற்ற அவர், பிரெஞ்சில் உரையாடவே அறியாதவராய், சில வாரங்கள் பிரெஞ்சு அகராதியை மட்டும் படித்துவிட்டு 2015-இல் பிரெஞ்சு மொழி ஆட்டத்தின் உலகப் பட்டத்தை வென்றார். 2024-இல் அவ்வாறே ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் வென்றார். பல்லாயிரம் சொற்கள் அவர் நினைவில் இருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு குவளைத் தண்ணீர் கேட்க அவரால் இயலாது.

எழுத்து முழுவதும் கைவந்து பொருள் அறியாத அம்மனிதரை நினைக்கும்போது, நம் இல்லங்களில் நாம் காணும் நேர்மாறான காட்சி நினைவுக்கு வராமல் போவதில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்து இங்கே குடியேறிய நம் பிள்ளைகளுக்குப் பொருள் தெரியும், எழுத்துத் தெரியாது. பாட்டி சொல்லும் கதை விளங்கும். பாட்டியின் கடிதம் விளங்காது. முகஞ்சுளித்த மூத்த உறுப்பினர் போட்டி முடிந்ததும் பரிசு பெற்ற அச்சிறுமியை அருகழைத்து, "மழை என்று எழுது, பார்ப்போம்" என்றார். அவள் சொல்லை அழகாக ஒலித்தாள். ழகரம் சற்றும் பிசகவில்லை. எழுதுகோலைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் சங்கத்தின் தமிழ் வகுப்பிற்கு அவள் வருகிறாள். கற்பிப்பவர் அம்மூத்த உறுப்பினரே. உயிரெழுத்துக்கள் பன்னிரண்டையும் முடித்துவிட்டாள். உயிர்மெய்யில் ககர வரிசையில் இருக்கிறாள். எழுத்துக்கள் மொத்தம் 247 என்று அறிந்ததும், அத்தனைக்கும் வில்லைகள் செய்தால் பை கொள்ளுமா என்று கேட்டாளாம்.